வாயால் சொன்ன பாங்கு

சில்லைக் கலான் என்கிற நாற்பது நாள் கடுங்குளிரில் பனி விழுகிற நாள்தான் கொஞ்சம் இதமான நாள். வானம் தெளிந்திருந்தால் குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும். அதனால்தான் அன்று காலை சமத் ஜன்னல் பலகையை லேசாகத் திறந்து பார்த்துவிட்டு, "ரஹ்தி, நல்லாக் கொட்டுது. இனி குளிர் கொஞ்சம் விடும் பாரு" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

தரையில் விரித்த மெத்தையில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அவர் மனைவி, மூக்கில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு தலையை மட்டும் அசைத்தாள். பேசினால் மூச்சு செலவாகும். அவள் அதைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகியிருந்தாள். மூலையில் மிஷின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமல் இருக்கும்வரை சமத்துக்கு நிம்மதி.

சமத் எங்கள் தெருவின் ரொட்டிக்காரர். விடியலுக்கு முன்னால் அவர் தந்தூர் அடுப்பை மூட்டினால்தான் தெருவில் உப்புத் தேநீர் இறங்கும். மாவு பிசைவது அவர் வேலை. உருட்டித் தட்டி அடுப்பின் உள்சுவரில் அப்புவது ரஹ்தியின் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்த அடுப்பு வாய்க்கு மேல் குனிந்தே நின்றாள். தெருவில் ரஹ்தி கை ரொட்டிக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு அவள் நெஞ்சு கொடுத்த விலை இலையுதிர் காலத்தில்தான் தெரிந்தது.

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியின் டாக்டர் முபீனா, படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு சமத்தைக் கேட்டார்: "வீட்ல செம்புப் பாத்திரம் இருக்கா?"

"இருக்கு டாக்டர் சாஹிப். தேநீர் காய்ச்சற எங்க வீட்டு சமோவார் செம்புதான்."

"உள்ளே பூசின ஈயம் தேஞ்சு போனா என்ன ஆகும்?"

"களிம்பு ஏறும். அப்புறம் அதுல தேநீர் வச்சா விஷம்."

"இதுவும் அப்படித்தான். புகைக்குள்ள அரிக்கிற நஞ்சு இருக்கு. அதைத் தாங்க நுரையீரல்ல உடம்பே ஒரு பூச்சு பூசி வச்சிருக்கு. இவங்களுக்கு அது தேஞ்சு போச்சு. இப்ப புகை நேரா உள்ளே அரிக்குது. அரிச்ச இடம் வீங்குது. வீங்கின இடத்துலயிருந்தே இன்னும் நஞ்சு ஊறுது."

சமத் கேட்டார்: "திரும்ப ஈயம் பூச முடியாதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்த வித்தையைத்தான் உலகம் முழுக்கத் தேடிக்கிட்டிருக்காங்க. இன்னும் சரியா கைக்கு வரலை. தண்ணில போட்டாப் பொங்குற இந்த மாத்திரை சிலருக்குக் கொஞ்சம் உதவும். மத்தபடி மருந்தை மூச்சுல இழுக்கிற பம்ப்புதான். அதுவும் மருந்து நாக்குலயும் தொண்டையிலயும் ஒட்டிக்கிட்டா வீண். அடி ஆழம் வரைக்கும் போய்ச் சேரணும். அதனாலதான் இந்த பிளாஸ்டிக் குடுவை. பம்ப்பைக் குலுக்கி, குடுவைக்குள்ள அடிச்சு, மெதுவா இழுத்து, அப்படியே பிடிச்சு வைக்கணும்." கடைசியாகச் சொன்னார்: "ஒண்ணு அடுப்பு அணையணும். இல்லைன்னா இவங்க அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. மிஷின் ஓடும்போது பக்கத்துல காங்கிரி, அந்தக் கங்குச் சட்டி, ஆகவே ஆகாது. ஆக்ஸிஜன் இருக்கிற இடத்துல ஒரு கங்கு போதும்."

அடுப்பை அணைக்க சமத்துக்கு மனம் வரவில்லை. ஒரே மகன் இஷ்ஃபாக் குளிர்காலம் முழுக்க கல்கத்தாவில் வீடு வீடாகச் சால்வை விற்கப் போய்விடுவான். அடுப்பு அணைந்தால் தெரு என்ன தின்னும், தாங்கள் என்ன தின்பது என்று யோசித்தார். கடைசியில் ரஹ்தியை மாடியின் பின்பக்க அறைக்கு மாற்றினார். அடுப்புக்கு மேலே இருந்த பழைய அறை கதகதப்பானது, ஆனால் புகை ஏறும். பின்பக்க அறைக்குப் புகை வராது. சுவரில் உறைபனி பூக்கும். சூடு வேண்டுமென்றால் புகையோடுதான் வரும், புகை வேண்டாமென்றால் குளிர். ஏழை வீடுகளில் அல்லாஹ் மனிதனைச் சோதிக்கும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. இரண்டு கதவும் திறந்திருக்கும், இரண்டுக்கும் அந்தப் பக்கம் நெருப்பு.

அன்று மதிய லுஹர் தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் பட்டென்று ஒரு சத்தம். பனியின் பாரம் தாங்காமல் கம்பி அறுந்து டிரான்ஸ்ஃபார்மர் வெடித்திருந்தது. மிஷின் கூச்சலிட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது. அறைக்குள் விழுந்த அமைதியில் ரஹ்தியின் மூச்சுச் சத்தம் தனியாகக் கேட்டது. காய்ந்த இலைகளை யாரோ இழுத்துக்கொண்டு போவது போன்ற சத்தம்.

"பயப்படாதே. வந்துடும்" என்றார் சமத்.

வரவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பாலத்துக்கு அந்தப் பக்கமே பனி அள்ளும் வண்டி இன்னும் வரவில்லை, சாலை திறந்ததும் வருகிறோம் என்றார்கள். மகனுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், இடுப்பளவு பனியில் அந்தக் குளிர்காற்றை அவள் நெஞ்சு தாங்காது.

அவள் நடுங்க ஆரம்பித்தாள். சமத் கீழே ஓடி, அடுப்பிலிருந்து கங்கு அள்ளிக் காங்கிரியில் நிரப்பி, மேலே சாம்பல் மூடி, பிரம்புப் பிடியைப் பற்றிக்கொண்டு வந்தார். மிஷின்தான் ஓடவில்லையே, இனி காங்கிரி இருந்தால் என்ன என்று நினைத்தார். அதை அவள் போர்வைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பம்ப்பு..." என்றாள் ரஹ்தி.

நீல நிற பம்ப் ஜன்னல் விளிம்பில் இருந்தது. எடுத்தபோது கை சில்லிட்டது. குலுக்கி, குடுவையில் பொருத்தி, அழுத்தினார். சீறிக்கொண்டு வர வேண்டிய மருந்து ஈனமாக ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான். மறுபடி அழுத்தினார். அதே கதை. ரஹ்தி குடுவையை வாயில் வைத்து இழுத்துப் பார்த்தாள். நெஞ்சு ஏறியதே தவிர, ஒன்றும் இறங்கவில்லை.

"உறைஞ்சு போச்சு போல" என்றார் சமத். "இரு, சூடு பண்றேன்."

எங்கள் ஊரில் விறைத்துப் போன எதுவும் காங்கிரிக்குத்தான் போகும். திறக்காத பூட்டின் சாவி, கல்லாகிவிட்ட வெண்ணெய், குழந்தையின் காலுறை, சாயங்காலத்துக்கு உருளைக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் அதே சாம்பல்தான். ஆகவே சமத் யோசிக்கவே இல்லை. பம்ப்பின் உள்ளே இருந்த சின்ன உலோகக் குப்பியைக் கழற்றி, சாம்பலைக் கரண்டியால் விலக்கி, ரொட்டியை அடுப்பில் வைக்கும் கவனத்தோடு அதைப் புதைத்து வைத்தார்.

ரஹ்தியின் கண்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. "இஷ்ஃபாக் அப்பா..." என்று எதையோ சொல்ல வாயெடுத்தாள். சொல்வதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது.

குப்பி வெடித்தது.

சாம்பல் கூரை வரை எழும்பியது. கங்குகள் போர்வையில் தெறித்தன. சமத் வெறுங்கையால் ஒவ்வொன்றாக அடித்து அணைத்தார். நெருப்புக்குப் பழகிய கைதான், ஆனாலும் தோல் வெந்து உரிந்தது. அறை முழுக்கச் சாம்பல் மிதந்தது. ரஹ்தி இரும ஆரம்பித்தாள். அவள் இருமலில் பலம் இல்லை. ஒரு குருவி ஜன்னல் கண்ணாடியில் மோதிக்கொள்வது போல அது திரும்பத் திரும்ப வந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலைத் திறந்தார். பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. அவள் இன்னும் மோசமாக இருமினாள். மூடினார். எதைச் செய்தாலும் தப்பாகவே போனது.

இருமலுக்கு நடுவில் ரஹ்தி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "கை... உங்க கை..."

"என் கை நாசமாப் போகட்டும்! உன் பீடை எல்லாம் எனக்கு வரட்டும் ரஹ்தி. நானே... நானே கெடுத்துட்டேன்."

அவள் தலையை அசைத்தாள். இல்லை என்கிறாளா, போய் யாரையாவது கூப்பிடு என்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. செருப்புக்கூட இல்லாமல் படியிறங்கி ஓடினார்.

எதிர்வீட்டு வாசலில் போஷா பலகையால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ரஹ்தியின் வயதுதான், வாய் மட்டும் அவளுக்கு இரண்டு பேர் அளவு. "என்ன சமத் பாய், அடுப்பு வெடிச்சுதா? எங்க வீட்டுப் பூனை பயந்து கூரை ஏறிடுச்சு!" என்று கேட்டவள், வெறுங்காலில் பனியில் நிற்கும் மனிதனையும் அவர் கையையும் பார்த்ததும் பலகையைப் போட்டாள்.

"பம்ப்பு... போஷா, காங்கிரில வச்சேன். வெடிச்சுடுச்சு. மூச்சு விட முடியலை அவளுக்கு. கரண்ட்டும் இல்லை."

"காங்கிரிலயா? பம்ப்பையா? அது என்ன உருளைக்கிழங்கா?" அவள் குரல் உடைந்தது. "நீங்க மசூதிக்கு ஓடுங்க. மைக்ல சொல்லச் சொல்லுங்க. நான் அவகிட்டப் போறேன்."

மசூதியின் சுடுதள அறையில், கீழே விறகு எரியும் வெதுவெதுப்பான கற்களின்மேல், ஆண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாங்கு சொல்லும் மோதினார், தெருவே மரியாதையாகக் காக் என்று கூப்பிடும் சிதீக் காக், சுவரோரம் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் சமத்துக்கும் பல வருஷமாகப் புகைச் சண்டை. விடியற்காலையில் தந்தூர்ப் புகை மசூதிப் படியில் படியும். "உன் புகையில வானத்து மலக்குகளே இருமிக்கிட்டு ஓடுவாங்கடா" என்று சிதீக் காக் தினமும் கத்துவார். "அந்தப் புகையில வந்த ரொட்டியைத்தானே, காக், தேநீர்ல தோய்க்கறீங்க" என்று சமத் திருப்பிக் கத்துவார்.

அன்றும் பழக்கதோஷத்தில், "வாப்பா ரொட்டிக்காரா, புகை இல்லாம தனியா வந்திருக்கே" என்று ஆரம்பித்தவர், நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்தினார். சமத் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து மைக்கின் முன்னால் நின்றுவிட்டார். பனியின் மேல் அவர் குரல் தெரு முழுவதும் போயிற்று: "அல்லாஹ்வுக்காக! ரொட்டிக்கார சமத் வீட்டுக்கு நீலப் பம்ப்பு வேணும். யார் வீட்ல இருந்தாலும் உடனே கொண்டு போங்க. அந்தப் பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது."

ரஹ்தி பேரன் எடுக்கும் வயதில் இருந்தாள். சிதீக் காக்குக்கு அவள் இன்னும் பிள்ளைதான்.

சமத் திரும்பி ஓடி வந்தபோது போஷா ரஹ்தியைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காங்கிரியை வெளியே தூக்கி வைத்திருந்தாள். ஈரத்துணியால் தரைச் சாம்பலைத் துடைத்திருந்தாள். பிறகு தன் அங்கிக்குள் கைவிட்டு, அக்குளிலிருந்து ஒரு நீலப் பம்ப்பை எடுத்தாள்.

"மைக் சத்தத்துக்கு முன்னாடியே எடுத்துட்டு வந்துட்டேன். எனக்கும் ஆஸ்துமாதானே. குளிர் காலத்துல இது இங்கதான் குடியிருக்கும். உடம்புச் சூடு போதும் சமத் பாய். நெருப்பு எதுக்கு?"

குலுக்கினாள். குடுவையில் பொருத்தி அழுத்தினாள். மருந்து சீறிக்கொண்டு வெண்புகையாகக் குடுவைக்குள் நிறைந்தது.

"இழு கண்ணு. மெதுவா. என்னோட சேர்ந்து இழு." போஷா தானும் வாயைத் திறந்து மூச்சை இழுத்துக் காட்டினாள். ரஹ்தியால் பாதிதான் இழுக்க முடிந்தது. "பரவாயில்லை. பாதி போச்சு. இன்னும் கொஞ்சம். பிடி, பிடி... விடு." மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் சேர்ந்து இழுத்தாள். ஒரு மருந்து மனிதனின் அடி ஆழத்துக்குப் போய்ச் சேருவதற்கு எத்தனை பொறுமை வேண்டியிருக்கிறது என்பதைச் சமத் வாசலில் நின்று பார்த்தார்.

"உனக்கு வேணுமே போஷா" என்றார்.

"அது இல்லாமலே எனக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓடும். வாயை மூடிக்கிட்டிருந்தா ராத்திரி வரைக்கும்கூட ஓடும். ஆனா அது நடக்கிற காரியமா?"

அதற்குள் படியில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நெசவாளி வீட்டு மருமகள், தச்சர், கம்பளக்காரரின் அக்கா, பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நீலப் பம்ப். தெருவில் இத்தனை பேர் தங்கள் சட்டைப்பைக்குள் மூச்சை ஒளித்துவைத்துக்கொண்டு நடமாடியது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டார்கள். ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு, இறங்கிப் போனார்கள். பச்சை நூல் கட்டிய பம்ப் ஒன்றும் அதில் இருந்தது. யார் கொடுத்தனுப்பியது என்று சமத் அப்போது கவனிக்கவில்லை.

இருமல் அடங்கியது. ஆனால் நீலம் போகவில்லை. ரஹ்தியின் நகங்களைப் போஷா திருப்பிப் பார்த்தாள். பிறகு சமத்தைப் பார்த்தாள். ரஹ்தியின் கண்கள் செருகிக்கொண்டு போயின.

"பம்ப்பு வழியைத் திறந்துடுச்சு. ஆனா உள்ளே போக காத்து வேணுமே. அவளுக்கு இந்தக் காத்து பத்தாது. மிஷின் ஓடணும்" என்றாள் போஷா. "ரஹ்தி! ஏ ரஹ்தி! தூங்காதே. உன்னோட நான் இன்னும் பேசியே முடிக்கலை."

தெருவில் அந்த நேரம் மின்சாரம் இருந்த ஒரே இடம் மசூதி. ஒலிபெருக்கிக்கும் ஒரு விளக்குக்குமாக வாங்கிய இன்வெர்ட்டர் அங்கே இருந்தது. சமத் மறுபடி ஓடினார். இந்த முறை அவர் எதையும் விளக்கவில்லை. "மிஷினுக்குக் கரண்ட்" என்று மட்டும் சொல்லி மசூதிப் படியில் தலையை வைத்துவிட்டார்.

சிதீக் காக் உடனே எழுந்தார். அறையில் இருந்த ஹாஜி சுப்ஹான்தான் தயங்கினார். மசூதியின் பணத்துக்கும் பொருளுக்கும் அவர்தான் பொறுப்பு. ஒரு மெழுகுவர்த்தியைக்கூடத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகாத மனிதர்.

"சிதீக் காக், தப்பா நினைக்காதீங்க. அந்த இன்வெர்ட்டர் பேட்டரி ஜனங்க பாங்குக்குன்னு கொடுத்தது. அமானிதம், நம்மகிட்ட நம்பி ஒப்படைச்சது. அதைத் தனி வீட்டுக்கு இழுக்க நமக்கு உரிமை இருக்கான்னு மறுமையில கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்? அந்த மிஷின் மொத்தத்தையும் குடிச்சிடும். சாயங்காலம் மஃரிபுக்குப் பாங்கு போகாது."

அவர் கல்நெஞ்சுக்காரர் அல்ல. அவருக்கு அல்லாஹ்விடம் பயம் இருந்தது. பயம் மட்டுமே இருக்கும்போது நல்ல மனிதர்களுக்கும் கை எழாது.

"பாங்கு போகும்" என்றார் சிதீக் காக்.

"பேட்டரி இல்லாம எப்படிப் போகும்?"

"பாங்கு சொல்றது என் வேலை ஹாஜி. பேட்டரியோட வேலை இல்லை. இந்தப் பெட்டி வர்றதுக்கு முன்னாடி நான் என்ன, மணியா அடிச்சுக்கிட்டிருந்தேன்? மேலே ஏறி வாயால சொல்றேன்."

"உங்களுக்கே நெஞ்சு சரியில்லை. நாலு படி ஏறினா நிக்கறீங்க."

"அதுக்கு அல்லாஹ்கிட்ட நான் பதில் சொல்லிக்கறேன். அந்தப் பிள்ளை இங்க மூச்சுத் திணறிச் செத்தா, பேட்டரியைப் பத்திரமா வச்சிருந்தோம்னு சொல்ல உங்களால முடியுமா?"

ஹாஜி சுப்ஹான் அலமாரியைத் திறந்து, மீலாது நாளில் தெரு முழுக்க வண்ண விளக்கு தொங்கவிடும் நீள ஒயரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வெளியே இறங்கினார்.

ஒயர் மசூதி ஜன்னலிலிருந்து சமத் வீட்டுப் பின்னறை வரை பனியின் மேலே போக வேண்டும். இடையில் ஒரு இணைப்பு இருந்தது. அது பனியில் நனைந்தால் எல்லாம் முடிந்தது. கம்பம் நட நேரமில்லை. ஹாஜி தன் தொப்பியைக் கழற்றி அந்த இணைப்பைச் சுற்றிக் கட்டினார். பிறகு அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவின் நடுவில் நின்றார். வழுக்கைத் தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. "ஹாஜி சாஹிப், யாராவது குடை..." என்று ஒருவர் சொன்னதற்கு, "எனக்கு வேணாம். இதுக்குப் பிடி" என்றார்.

மசூதிக்குள் விளக்கை அணைத்தார்கள். ஒலிபெருக்கியின் கம்பியைச் சிதீக் காக் தன் கையாலேயே பிடுங்கினார்.

மிஷின் ஒருமுறை கூவியது. பிறகு உறுமியது.

சமத் ரஹ்தியின் மூக்கில் குழாயை மாட்டினார். ஒன்றும் மாறவில்லை. அவள் தலை போஷாவின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தன் வெந்த கையை அவள் வாய்க்கு முன்னால் வைத்துப் பார்த்தார்; தோல் உரிந்த இடத்தில் மூச்சு படுகிறதா என்றே தெரியவில்லை. எல்லாமே எரிந்துகொண்டிருந்தது. "யா அல்லாஹ், நான் நெருப்புல வாழ்ந்தவன். இவளை அதுல பிடிச்சு நிறுத்தினவனும் நான்தான். இவகிட்ட எதையும் எடுக்காதே, என்கிட்ட எடு" என்று முனகினார்.

அறையில் இனி காங்கிரி வைக்க முடியாது. குளிர் தரையிலிருந்து ஏறியது. போஷா எதையும் கேட்கவில்லை. செருப்பை உதறிவிட்டு, ரஹ்தியின் போர்வைக்குள் நுழைந்து, தன் பெரிய அங்கியை அவள் மேலும் விரித்து, அவளை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"ஐஸ்கட்டியா இருக்கா. சமத் பாய், அந்தப் பக்கம் திரும்புங்க. இன்னிக்கு இவ என் பம்ப்பு. அக்குள்ல வச்சுக்கறேன்."

அந்த நிலைமையிலும் படியில் நின்றிருந்த யாரோ சிரித்தார்கள். சிரித்தபின் அழுதார்கள்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் மறுபடி பேசினார்கள்: பாலத்தைத் திறந்தாயிற்று, ஆனால் தெருமுனை இன்னும் பனியில் மூடிக் கிடக்கிறது. ஆண்கள் பலகைகளோடு முனைக்குப் போனார்கள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு மஞ்சளாகிவிட்டது என்று ஒருவர் வந்து சொன்னார். சமத் கேட்டுக்கொண்டார்.

ஜன்னல் விளிம்பைப் பார்த்தபோதுதான் அந்தப் பச்சை நூல் கண்ணில் பட்டது. தர்காவில் கட்டும் நூல். அதை அவர் வேறெங்கோ பார்த்திருக்கிறார். தினமும் புகைக்காகச் சண்டை போடும்போது சிதீக் காக்கின் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்க்கும் நூல்.

பம்ப்பை எடுத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். ஹாஜி இன்னும் அதே இடத்தில் கை மாற்றி மாற்றி ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிதீக் காக் மசூதி மாடியின் மரப்படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"காக், உங்க பம்ப்பு."

"அவளுக்கு?"

"போஷாவோடது இருக்கு. ஜன்னல் பூரா இருக்கு. எடுத்துக்குங்க."

சிதீக் காக் வாங்கினார். அது வெதுவெதுப்பாக இருந்ததை உணர்ந்து சமத்தை ஒருமுறை பார்த்தார். "கத்துக்கிட்டியா" என்றார். ஒரு முறை அடித்து இழுத்தார். "எப்படி இருக்கா?"

"தெரியலை காக்." "நாளைலேர்ந்து அடுப்பு மூட்ட மாட்டேன். வாயை மண்ணால மூடிடறேன். உங்க மலக்குகள் நிம்மதியா இருக்கட்டும்."

"அடப் போடா. மலக்குகளுக்கு உன் ரொட்டி வாசனை பிடிக்கும். எனக்குத்தான் பொறாமை." படியைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தார். "போ, அவகிட்ட இரு."

சமத் வந்து மெத்தையருகில் உட்கார்ந்தபோது மஃரிப் நேரம் ஆகியிருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் ஒலிபெருக்கி முதலில் ஒரு கரகரப்பு கொடுக்கும். அன்று கொடுக்கவில்லை. பனி விழும் அமைதியில், மிஷினின் உறுமலுக்கு மேலே, வெகு தொலைவிலிருந்து வருவது போல ஒரு கிழட்டுக் குரல் எழுந்தது.

அல்லாஹு அக்பர்.

மெலிந்த குரல்தான். நடுங்கியது. ஆனால் தெருவில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர்கள் பலகையை நிறுத்தினார்கள். ஹாஜி ஒயரைப் பிடித்தபடியே தலையைத் தாழ்த்தினார். குரல் ஒவ்வொரு வரியாக வந்தது. இடையில் நின்றது. இருமல் கேட்டது. மறுபடி வந்தது.

தொழுகைக்கு வாருங்கள் என்ற வரி வந்தது. அதன் பின் குரல் அறுந்துபோனது. இருமலும் இல்லை. எதுவுமே இல்லை. சமத் ஜன்னலைப் பார்த்தார். போஷா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேலே அந்த மனிதர் விழுந்துவிட்டாரா?

அப்போது போர்வைக்குள் ஒரு அசைவு. ரஹ்தியின் கண்கள் திறந்திருந்தன. எப்போது திறந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். மூச்சுக்காக நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த அறையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. சமத் குனிந்து காதை வைத்தார்.

"மெதுவா..." என்றாள். அவரிடம் அல்ல, மாடியில் நிற்பவரிடம். "மெதுவா... இழுங்க... காக்..."

அவள் நெஞ்சு மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

மாடியிலிருந்து குரல் திரும்ப எழுந்தது. வெற்றிக்கு வாருங்கள் என்றது.

தெருமுனையில் ஆண்கள் பலகைகளை எடுத்துக்கொண்டு பனியை மறுபடி வெட்ட ஆரம்பித்தார்கள். சமத் ரஹ்தியின் கையைத் தன் அக்குளுக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். விரல்கள் ஐஸாக இருந்தன. அவர் விடவில்லை.